எண்பத்தேழாம் இலக்கம்

பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.
ஒலுமடுவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து
ஏழே முக்காலுக்கே முல்லைத்தீவுக் கச்சேரி வாசலில் நின்றேன்,
மடியோடு அணைத்த கோப்பு,
கோப்புக்குள் இருநூற்றுப் பதினான்கு குடும்பம்.

நாடாளுமன்றக் குழு ஹெலியில் வருமென்று கதை.
வெள்ளை வாகனங்களில்தான் வந்தது.
மண்டபத்து ஏசி அன்று மட்டும் வேலை செய்தது.
முன்வரிசைக் கதிரைகளுக்கு உறை போட்டிருந்தார்கள்.
எங்களுக்குப் பின்னால், சுவரோரம், பிளாஸ்டிக்.

முதலில் சுகாதாரப் பணிப்பாளர்.
ஆனியில் எத்தனை ஒட்சிசன் சிலிண்டர் வந்தது,
அதில் எத்தனை வெறுமையாய் வந்தது,
ஒப்பந்தம் யாருக்கு
என்று ஓர் உறுப்பினர், மெலிந்தவர்,
பென்சிலால் மேசையைத் தட்டித் தட்டிக் கேட்டார்.
"தகவல் திரட்டப்படுகிறது, கௌரவ தவிசாளர் அவர்களே."
"பின்னிணைப்பாகத் தாருங்கள்" என்றார் தவிசாளர்.
பின்னிணைப்பு.
வண்டிலுக்குப் பின்னால் கட்டிவிட்ட கன்று அது.
ஊர் போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தால்
கயிறு மட்டும் இருக்கும்.

பிறகு என் பெயர்.
கணக்காய்வு வினா, பக்கம் நாற்பத்தொன்று.
ஐயாயிரம் ரூபாய்க் கொடுப்பனவு, எண்பத்தேழாம் இலக்கம்,
சரவணை வேலும்மயிலும்.
இறந்தது இருபத்துநாலு. பணம் பெற்றது இருபத்தெட்டு.
ஒப்பம் உண்டு.

கேள்வி சிங்களத்தில், சிரிப்போடு வந்தது.
காதுக்கருவிக்குள் மொழிபெயர்ப்பாளர்
சிரிப்பை விட்டுவிட்டு
"அமரர் எவ்வாறு ஒப்பமிட்டார்" என்று மட்டும் சொன்னார்.
அவருக்கு நன்றி.

ஒலிவாங்கியில் சிவப்பு எரிந்தது.
"நான் வைச்சது" என்றேன்.

எனக்குத் தெரியும் அந்த ஒப்பம்.
முகாமில் மாவுக்கு, தறப்பாளுக்கு,
திரும்பி வந்தபின் தகரத்துக்கு,
வீட்டுத்திட்டத்துக்கு மூன்று தரம்,
மகனைத் தேடித் தரச்சொன்ன படிவங்களில் ஐந்து தரம்.
'வே'யின் கொம்பை நாய்வாலாய் மேலே சுருட்டுவார்.
ஒவ்வொரு பட்டியலிலும் ஒரே சுருட்டு.
அன்று என் கையும் அப்படித்தான் சுருட்டியது.

தவமலர் படலைக்குள் பதினான்கு நாள்.
படலையில் சிவப்பு அறிவித்தல்.
புருசன் மாஞ்சோலை ஆஸ்பத்திரியிலிருந்து
முத்திரையிட்ட பெட்டியில் வவுனியாவுக்கு எரிக்கப் போனார்.
குடும்பத் தலைவர் செத்தால் புதுப் படிவம்.
படிவத்துக்கு மரணச் சான்றிதழ்.
சான்றிதழுக்கு அவள் வெளியே வரவேண்டும்.
வந்தாலும் பதிவாளர் தனிமைப்படுத்தலில்.
பூவரசங் கதியாலில் ஷொப்பிங் பையைக் கொழுவிவிட்டுத்
தள்ளிப்போய் நின்றேன்.
எடுத்தாள். எண்ணவில்லை.
வேலியால் கேட்டாள்:
"அக்கா, அவருக்குச் சாறம் உடுத்தி விட்டவங்களோ?"

இதைச் சொல்ல நேரம் தரவில்லை என்றால் பொய்.
ஒரு நிமிடம் தந்தார்கள்.
"சுற்றறிக்கைக்கு முரண்தான், ஐயா."
அவ்வளவுதான் வாயில் வந்தது.
மெலிந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
பென்சில் நின்றது. எதையோ கேட்க வாயெடுத்தார்.
சாப்பாடு ஆறுதென்று
கதவடியில் யாரோ சொன்னார்கள்.

அறிக்கை மாசியில் வந்தது, முன்னூற்றுச் சொச்சம் பக்கம்.
எனக்கு ஒரு வரி: அலுவலர் ஏற்றுக்கொண்டார்.
ஒட்சிசனுக்குப் 'பின்னிணைப்பு ஆறைப் பார்க்க' என்றிருந்தது.
பார்க்கப் புரட்டினேன்.
ஐந்துக்கு அடுத்தது ஏழு.

என் சம்பளத்தில் மாதம் ஐந்நூறு மீளறவிட உத்தரவு.
பத்து மாதம்.
சம்பளச் சிட்டையில் அந்தக் கழிவுக்கு நேரே 'இல. 87' என்று இருக்கும்.
இரவில் அதைப் பார்த்தால்
அவருக்கு நான் மாதாமாதம் திவசம் கொடுக்கிற மாதிரி.

பதினோராம் மாதமும் வெட்டியிருக்கிறார்கள்.
கணக்குக் கிளைக்குக் கடிதம் போட்டேன்.
அந்த ஐந்நூறு எங்கே போனதென்று தெரியாதாம்.
யாரோ ஒருவர்
ஒப்பமிட்டுத்தான் பெற்றிருப்பார்.